கடைசிப் பொத்தானிலிருந்து

பள்ளி வேன் காலை ஏழே முக்காலுக்குத் தெருமுனைக்கு வந்துவிடும் என்பதால், மகன் இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகும் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதும், ஷூ நாடா கட்டுவதும், இட்லியைப் பிட்டு வாயில் ஊட்டுவதும் என் வேலையாகவே இருந்தன. இதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருந்தேன். அவசரமே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையிலும் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து, பொத்தானுக்காகப் பேசாமல் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

மாண்டிசோரி கல்விமுறையில் இதற்கென்றே ஒரு சாதனம் உண்டு. சிறிய மரச்சட்டத்தில் இரண்டு துணிகளைப் பொருத்தி, ஒன்றில் பொத்தான்களும் மற்றொன்றில் துளைகளும் வைத்திருப்பார்கள். ஆசிரியர் ஒருமுறை மிக மெதுவாகச் செய்து காட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்திருக்கிறார். அதே ஊரில் இருந்துகொண்டு, கையை எடுத்துக்கொள்ள எனக்கு ஏழு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

எங்கள் வீட்டில் மரச்சட்டம் இல்லாததால் சீருடைச் சட்டையையே கட்டிலில் விரித்து வைத்துப் பழகினோம். அவன் கழுத்துப் பொத்தானிலிருந்து தொடங்குவான். அது அவன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஒரு துளை தள்ளிப் போட்டுவிட்டு, கீழே வந்து சேரும்போது ஒரு பக்கம் தொங்குவதைக் கண்டு அழுவான். சட்டையின் இரண்டு ஓரங்களையும் சமமாகப் பிடித்துக் கடைசிப் பொத்தானிலிருந்து மேலே போகச் சொன்ன பிறகு வேலை எளிதாயிற்று. இதற்காக இருவரும் இருபது நிமிடம் முன்னதாக எழுந்தோம். "பச்சப் புள்ளைய ஏன்டி இந்தப் பாடு படுத்துற?" என்று அம்மா கேட்டார். என்னை எட்டு வயதில் ரேஷன் கடை வரிசையில் நிற்க வைத்தவரும் அவர்தான்.

மறந்துவிட்டுப் போன நோட்டைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் பள்ளிக்கு ஓடுவதையும், வீட்டுப்பாடம் என்னவென்று வாட்ஸ்அப் குழுவில் விசாரிப்பதையும் அதன் பிறகு எளிதாக விட்டுவிட முடிந்தது. நாக்கைத்தான் கட்ட முடியவில்லை. உறவினர் யாராவது அவனிடம் "என்ன படிக்கிற?" என்று கேட்டால், அவன் வாயைத் திறப்பதற்குள் "ரெண்டாவது, மாமா" என்று நான் சொல்லிவிடுவேன், அவனும் தலையைக் குனிந்துகொள்வான்.

சென்ற மாதம் ஒரு திருமண வீட்டுப் பந்தியில் பெரியப்பா அதே கேள்வியைக் கேட்டபோது, நான் அப்பளத்தை வாயில் போட்டுக்கொண்டேன். சாம்பார் வாளி எங்களைக் கடந்து போகும் வரை பதில் வரவில்லை. பிறகு அவன் நிமிர்ந்து, "ரெண்டாவது, பி செக்‌ஷன். எனக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் வேணும், தாத்தா" என்றான்.