செட்டிநாட்டு வீட்டில் இரண்டு இரவு: எந்த அறை, எந்த மாதம், எந்த வேளை

அறை எந்தக் கட்டில், அதாவது வீட்டின் எந்தப் பகுதியில், இருக்கிறது? செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றில் தங்க அறை போடுமுன் இதைக் கேட்டுவிடுங்கள். ஏசி, வைஃபை, நீச்சல் குளம் எல்லாம் படத்தோடு வலைத்தளத்திலேயே இருக்கும். இது மட்டும் இருக்காது. நிம்மதியாகத் தூங்கி எழுந்து வரப்போகிறீர்களா, இருட்டறையில் கொசு அடித்துக்கொண்டு கிடக்கப்போகிறீர்களா என்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

காரணம், இந்த வீடுகளைக் கட்டியவர்கள் விருந்தினர் அறை என்ற ஒன்றை நினைத்தே பார்க்கவில்லை. கல்யாணம், அறுபதாம் சாந்தி, கேதம் என்று ஊரே வந்து உட்கார இடம் வேண்டும். அண்ணன் தம்பி நாலைந்து பேரும், கல்யாணமானதும் தனித்தனியாக 'வேறு வைத்து', ஆளுக்கொரு அடுப்போடு ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். இந்த இரண்டு தேவைக்கும் பர்மா, மலேயா, சிலோன் பணத்தில் 1850-க்கும் 1940-க்கும் இடையில் எழுந்தவை இவை. தெருப்பக்கம் முகப்பு, படியேறினால் இரண்டு பக்கமும் திண்ணை. உள்ளே போனால் வளவு: நடுவில் வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், அதையொட்டி வரிசையாக அறைகள். அதற்குப் பின்னால் பந்தி போடும் இரண்டாங்கட்டு. கடைசியில் அடுப்படி, கிணறு. முன்வாசலில் நின்றால் பின்வாசல் வழியாக அடுத்த தெரு தெரியும். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி இன்னொரு தெருவில் முடிகிற நீளம்.

வளவைச் சுற்றியுள்ள அறைகள் பகலில் யாரும் உட்கார்ந்திருக்கக் கட்டியவை அல்ல. சீர் சாமான், வெண்கலம், பித்தளை, பீங்கான், எனாமல் என்று பூட்டி வைக்கவும், அந்தந்த மகன் குடும்பத்தின் அந்தரங்கத்துக்கும்தான் அவை. சன்னல் சிறியது, சிலவற்றில் சன்னலே இல்லை. வீட்டு ஆட்கள் படுத்தது பெரும்பாலும் தாழ்வாரத்திலும் மாடியிலும். இன்றைக்கு விடுதியாக்கும்போது இந்த அறைகளில் ஒன்றில் கட்டிலைப் போட்டு, ஒட்டிய அறையைக் குளியலறையாக்கிவிடுகிறார்கள். வீடு கட்டிய காலத்தில் உள்ளே குளியலறை கிடையாது என்பதால் வேறு வழியும் இல்லை. அதனால் குளியலறை நீளமாக, வெளிக்காற்று இல்லாமல் அமைந்துவிடுவது உண்டு. காற்றை வெளியே தள்ளும் விசிறி ஓடுகிறதா என்று அறைக்குள் நுழைந்ததும் போட்டுப் பாருங்கள். ஓடவில்லை என்றால் சாமானைப் பிரிக்குமுன்பே அறையை மாற்றச் சொல்லுங்கள். மறுநாள் காலை சொல்லிப் பயனில்லை.

மாடி அறைகள் வேறு கதை. முகப்பின் மேலே தெருவைப் பார்த்த அறைகளுக்குப் பெரிய சன்னல், நல்ல காற்று. ஆனால் மேலே மொட்டைமாடித் தளம். பகல் முழுக்க வெயிலைக் குடித்த தளம் ராத்திரி பத்து மணி வரை அதை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே கணக்கு எளிது: சித்திரை வைகாசியில் போவதானால் கீழே, வளவையொட்டிய அறை, மார்கழி தையில் போவதானால் மாடி. கூட வயதானவர்கள் இருந்தால் எந்த மாதமானாலும் கீழேதான். மாடிப்படிகள் குறுகல், ஒவ்வொரு படியும் உயரம், பல இடங்களில் கைப்பிடி இல்லை. கீழேயும் ஒன்று கவனிக்க வேண்டும்: நிலைப்படி. தேக்கு நிலையின் அடிக்கட்டை தரையிலிருந்து நன்றாகத் தூக்கி நிற்கும். ராத்திரி விளக்கில்லாமல் எழுந்து நடந்தால் கால் விரல்தான் முதலில் போகும். சின்னதாக ஒரு டார்ச் போதும்.

மாதத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். எல்லாரும் டிசம்பர், ஜனவரியில் போகிறார்கள். வெயில் தணிந்திருக்கும், தவறில்லை. என்னைக் கேட்டால் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை பிடித்த ஒரு மதியம் வளவுத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதற்காகத்தான் இந்த வீடுகளுக்கே போக வேண்டும். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழும். மூலையில் பெரிய கிடாரம் வைத்து அதைப் பிடித்தார்கள். மிச்சம் வாய்க்கால் வழியாக ஊரணிக்குப் போகும். தெருக்களும் வாய்க்கால்களும் அந்தக் கணக்கிலேயே அமைந்த ஊர்கள் இவை. ஒரே தொல்லை, ஈரப்பட்ட தரை வழுக்கும். தாழ்வாரத்தின் ஓரம் போகாமல் சுவரையொட்டி நடந்தால் சரி.

காற்றோட்டத்துக்கு ஒரு சின்ன வித்தை. முற்றத்தில் சூடாகும் காற்று மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப முகப்பிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் நிழல் காற்று உள்ளே வரும். இது நடக்க இரண்டு வாசலும் திறந்திருக்க வேண்டும். விடுதிகளில் பாதுகாப்புக்காகப் பின்வாசலைச் சாத்தி வைத்துவிடுவதால் வளவில் காற்று அப்படியே நின்றுபோகும். பகலிலாவது திறந்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள், செய்வார்கள். மாலை ஐந்தரைக்கு உங்கள் அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். திறந்த முற்றம் உள்ள வீட்டில் ஆறிலிருந்து ஏழரை வரை கொசுவின் நேரம். அந்நேரம் கதவைத் திறந்து போட்டால் அப்புறம் எந்தக் களிம்பும் உதவாது.

சுவரைத் தொட்டுப் பாருங்கள். பளிங்கா என்று சந்தேகம் வரும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், கருப்பட்டி சேர்த்துப் பல பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றியது. வெயில் நாளிலும் உள்ளங்கைக்குச் சில்லென்றிருக்கும். எண்ணெய்த் தலையைச் சாய்க்காதீர்கள். கறை உள்ளே இறங்கினால் போகாது. செலோடேப் ஒட்டிப் பிறந்தநாள் தோரணம் கட்டினால் பிரிக்கும்போது பூச்சும் கூட வரும். சில இடங்களில் இந்தச் சுவர்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்துவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட வேண்டும். பெயிண்ட் அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, ஒரு மழைக்காலத்தில் பொருக்கு விடும், அறையில் பூஞ்சை வாடை வரும். அந்த வாடை அடித்தால் ரூம் ஸ்பிரே கேட்காதீர்கள், வேறு அறை கேளுங்கள்.

தரைக்கு வருவோம். ஆத்தங்குடிக் கல் சூளைக்குப் போவதே இல்லை. ஒரு கண்ணாடித் துண்டைப் படுக்கவைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. சாயம் கலந்த சிமெண்டுக் கூழை அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்குவார்கள். கை கொஞ்சம் ஆடினால் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும். பழகிய கையில் அந்த ஓட்டம்கூட அழகாகத்தான் இருக்கும். மேலே உலர்ந்த மணல்-சிமெண்டைத் தூவினால் கூழின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். பிறகு குழைத்த சாந்தை நிரப்பி, அழுத்தி மட்டம் பார்த்து, சட்டத்தைக் கழற்றிக் காயவிடுவார்கள். அப்புறம் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறல். கண்ணாடி தானாகக் கழன்று வரும். அது ஒட்டியிருந்த முகம்தான் நாம் நடக்கிற முகம். பளபளப்பு அதிலிருந்து வருவது. பிறகு கால் பட்டுப் பட்டு இன்னும் ஏறும். செருப்பைத் திண்ணையில் விடச் சொல்வது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை, இதற்காகவும்தான். சிமெண்ட் என்பதால் புளிப்பு ஆகாது: எலுமிச்சைச் சாறோ ஊறுகாயோ சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த இடம் வெளுத்துவிடும். ஆசிட் ஊற்றிக் கழுவிய தரை எத்தனை தேய்த்தாலும் பழைய முகத்துக்கு வராது.

ஆத்தங்குடியில் பட்டறைகளுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், ஊற்றும் வேலை அப்போதுதான் நன்றாகப் பார்க்கலாம். சொந்த வீட்டுக்கு வாங்குவதானால் தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்து ஒரே தடவையில் சொல்லுங்கள். கையால் கலக்கும் சாயம், அடுத்த தடவை அதே நிறம் வராது; வழியில் கொஞ்சம் உடையவும் செய்யும். அதே ஊரில் பெரிய வீடு என்று ஒன்று இருக்கிறது, சீட்டு வாங்கி உள்ளே பார்க்கலாம்.

சாப்பாடு. ஊரூராகப் பலகை மாட்டியிருக்கும் செட்டிநாட்டு ஓட்டல் குழம்பை மனதில் வைத்துப் போகாதீர்கள். வீட்டுச் சமையலில் அவ்வளவு காரமும் எண்ணெயும் கிடையாது. மிளகு, சோம்பு, பட்டை, கல்பாசி எல்லாம் வாசனை அளவுக்குத்தான். மதியம் இலைச் சாப்பாடுதான் பிரதானம், அதனால் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது புத்தி. மண்டி, கோசமல்லி, உப்புக் கறி, காடை வறுவல், கவுனி அரிசி, கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் என்று எது வேண்டுமோ முந்தின நாளே சொல்லிவிடுங்கள். கவுனி அரிசி ராத்திரி ஊற வேண்டும். பணியாரத்துக்கு மாவு ஆட்ட வேண்டும். நினைத்த நேரத்தில் கேட்டால் ஃபிரைடு ரைஸ்தான் வரும், அதில் சமையல்காரர் மேல் குற்றமில்லை. காரைக்குடியில் 1999-இல் தொடங்கிய 'பங்களா' என்ற விடுதிக்குச் சாப்பாட்டுக்காகவே வருகிறவர்கள் உண்டு. அங்கே தங்காமல் மதியம் மட்டும் போவதானால் போன் செய்துவிட்டுப் போக வேண்டும்.

எந்த வீடு என்பது அவரவர் ருசி. பழைய வளவு, தூண், நீண்ட பந்திக்கட்டு எல்லாம் பார்க்க வேண்டுமென்றால் கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ். கானாடுகாத்தான் விசாலம் 1930களில் ஒரு தந்தை மகளுக்காகக் கட்டியது. காலம் பிந்தியதால் ஆர்ட் டெக்கோ பாணி, அறைகளும் தாராளம். இருட்டறை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது தோது. இவை தவிரக் குடும்பத்தாரே நாலைந்து அறை விடுகிற வீடுகளும் உண்டு. அவற்றில் மட்டும் "அந்தத் தேதியில் வீட்டில் விசேஷம் ஏதும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். வீடு பங்காளிகள் பலருக்குப் பொது. சாந்தி, கல்யாணம் என்றால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து இறங்கிவிடுவார்கள். நாயனம் விடிகாலையிலேயே தொடங்கும். விசேஷம் இல்லாத நாளிலும் வளவில் பேசுவது எல்லா அறைக்கும் கேட்கும். தூக்கம் லேசானவர்கள் அடுப்படியை ஒட்டிய அறையைத் தவிர்க்கலாம்.

சுற்றிப் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி இரண்டையும் ஒரு காலையில் முடிக்கலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள். 1687-இல் கட்டிய திருமயம் கோட்டைக்குச் சாயங்காலம். மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை வெளியே போகவே வேண்டாம், அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் அத்தனை தாழ்வாரம். நாலரைக்குமேல் கானாடுகாத்தான் தெருக்களில் நடந்தால் போதும்: பூட்டிய வீடுகள், சுதைப் பொம்மைகள், வாசலில் கஜலட்சுமி. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. அதற்குப் பிறகும் வீடுகள் இடிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம், நூறு வயதைத் தாண்டிய பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகச் சட்டம் விடாது.

வந்து சேர்வதற்கு: திருச்சி, மதுரை விமான நிலையங்களிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் எழும்பூரில் கிளம்பி ராத்திரி காரைக்குடி வரும். அங்கிருந்து கானாடுகாத்தான் சுமார் 15 கிலோமீட்டர். செட்டிநாடு என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு, ஆனால் எல்லா ரயிலும் நிற்காது. பல்லவன் வந்து சேரும் ராத்திரி நேரத்துக்கு அடுப்படி மூடியிருக்கும், ஆட்டோவும் அரிது. வண்டிக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் முன்பே சொல்லி வையுங்கள். திரும்பும் பல்லவன் காரைக்குடியை விடுவது அதிகாலை. கடைசி நாள் காலைப் பலகாரம் அதோடு போய்விடும். முந்தின ராத்திரியே சொன்னால் இட்லியில் மிளகாய்ப்பொடி தடவி இலையில் கட்டிக் கொடுப்பார்கள், திருச்சி தாண்டிப் பிரிக்கலாம்.