ஆடி முதல் கார்த்திகை வரை: வீட்டில் படிக்கும் பிள்ளைகளுடன் பண்டிகைக்கு ஆயத்தமான ஆண்டு

எங்கள் இரு பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைப்பது என்று சென்ற கோடை விடுமுறையில் முடிவெடுத்தோம். மகளுக்கு அப்போது பதினொரு வயது, மகனுக்கு எட்டு. சேலத்தில் கன்னங்குறிச்சிப் பக்கம், சேர்வராயன் மலை வாசலிலிருந்தே தெரியும் ஒரு வீட்டில் என் கணவர், என் மாமியார், பிள்ளைகள் எல்லோருமாக இருக்கிறோம். எதற்காக இந்த முடிவு என்பதை இங்கே விரிக்கப் போவதில்லை. இதே எண்ணத்தில் இருக்கும் பெற்றோர் என்னைக் கேட்பதெல்லாம், காலையில் எழுந்ததிலிருந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறீர்கள் என்பதுதான். பண்டிகைகளுக்கு ஆயத்தமாகும் வேலையை முழுவதுமாகப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அதைச் சுற்றியே பாடங்களை அமைத்துக்கொண்டோம் என்பதே என் பதில்.

முதலில் ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. அதில் வீட்டுக் கல்வி என்று தனியான ஒரு பிரிவு கிடையாது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிறகு நம் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளையாகப் பதிவில் தெரியும் என்பதால், இடைநின்றவர்களைக் கணக்கெடுக்க வருகிறவர்கள் நம் வீட்டு வாசலுக்கும் வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். பிள்ளைகளின் நோட்டுகளைக் காட்டிப் பொறுமையாக விளக்கினோம். 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் நடத்தும் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் ஏ, பி, சி என மூன்று நிலைகள் உண்டு. அவை முறையே மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குச் சமமானவை. பதினான்கு வயது நிறைந்த பிள்ளை அங்கேயே பத்தாம் வகுப்புத் தேர்வையும் எழுதலாம். இந்த வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் என் மாமியார் சம்மதித்தார்.

ஆனி மாதத்தில் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது நாங்கள் ஆடிக்கு ஆயத்தமானோம். ஆடி முதல் நாளில் தேங்காய் சுடும் வழக்கம் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற ஊர்களில் பலர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். பாரதப் போர் ஆடி முதல் தேதி தொடங்கிப் பதினெட்டாம் பெருக்கன்று முடிந்தது என்றும், தருமம் வெல்ல வேண்டும் என்று வேண்டி மக்கள் தேங்காய் சுட்டுப் படைத்தார்கள் என்றும் எங்கள் பக்கத்தில் கதை சொல்வார்கள். புதிதாகக் கல்யாணமான வீடுகளில் தலையாடிக்கு மாப்பிள்ளையையும் பெண்ணையும் அழைத்துவந்து சீர் செய்வதும் அன்றைக்குத்தான். வாங்குவது முதல் படைப்பது வரை அத்தனையையும் இந்த முறை நீங்கள் இருவரும்தான் செய்யப்போகிறீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். பெரியவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்வார்கள், நெருப்பருகே கூடவே இருப்பார்கள். மற்றபடி கை வைக்கமாட்டார்கள் என்று பேச்சு.

அதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், மொட்டை மாடியில் ஒரு மீட்டர் நீள மூங்கில் குச்சியை மண் நிரப்பிய வாளியில் நட்டு, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு அது செங்குத்தாக நிற்கிறதா என்று சரிபார்த்து, உச்சிவேளை நிழலை அளக்கத் தொடங்கியிருந்தோம். சேலத்தில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்கு அல்ல. நம் கடிகாரங்கள் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகின்றன, நாம் அதற்கு மேற்கே 78 பாகையை ஒட்டி இருக்கிறோம் என்பதால், அந்த மாதங்களில் நம் ஊரின் உண்மையான நண்பகல் 12.20ஐ ஒட்டியோ அதைத் தாண்டியோதான் வருகிறது. அந்த நேரத்தில் நிழல் தெற்கே விழுந்ததைப் பார்த்து மகள் திகைத்துப்போனாள். சூரியன் எப்போதும் நமக்குத் தெற்கே சாய்ந்துதான் போகும் என்று அவள் நினைத்திருந்தாள். கோடையின் உச்சத்தில் அது நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது என்பதை ஒரு குச்சியின் நிழல் காட்டிக்கொடுத்தது. ஜூன் 21ஐ ஒட்டி ஏறக்குறைய 21 செண்டிமீட்டர் இருந்த நிழல், ஆடி பிறக்கும் ஜூலை 17 வாக்கில் 17 செண்டிமீட்டராகக் குறைந்திருந்தது. சூரியன் தெற்கே திரும்பிவிட்டது, தட்சிணாயனம் என்பது இதுதான் என்று அவளாகவே நோட்டில் எழுதினாள். வானில் சூரியன் திரும்புவது ஜூன் 21இல் என்றால் பஞ்சாங்கம் ஏன் ஆடி முதல் நாளைச் சொல்கிறது என்று அடுத்த கேள்வி வந்தது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறிக்கொண்டே வருவதால், ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அவை விலகிவிட்டன என்று சொன்னேன். வகுத்துப் பார்த்து இடைவெளி சரியாக வருகிறதா என்று அவள் கணக்குப் போட்டது, அந்த மாதத்தில் எனக்கு மிகவும் நிறைவு தந்த பாடம்.

ஆடி நெருங்கியதும் சின்னக்கடை வீதிக்குப் போனோம். அந்த நாட்களில் அழிஞ்சில் குச்சியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து விற்பார்கள். பச்சைக் குச்சியாக, சுண்டுவிரலைவிடச் சற்றுப் பருமனாக, நேராக இருப்பதைப் பார்த்து எடுக்க வேண்டும். காய்ந்த குச்சி தேங்காய் வேகும் முன்பே எரிந்துவிடும். தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, அதிகம் முற்றாத, தண்ணீர் உள்ள காயாக மகன் பொறுக்கினான். விலை கேட்பது, சில்லறையைச் சரிபார்ப்பது, கணக்கை நோட்டில் எழுதுவது எல்லாம் அவன் பொறுப்பு.

வீட்டுக்கு வந்ததும் குடுமியோடு சேர்த்து நாரைச் சுத்தமாக உரித்து, சிமெண்டுத் தரையில் காயைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை தொடங்கியது. ஒட்டியிருக்கும் நார் நெருப்பில் பற்றிக்கொண்டு ஓடு ஒரு பக்கமாகக் கருகிவிடும் என்பதால் இந்த வேலையில் அவசரம் கூடாது. மூன்று கண்களில் மென்மையான ஒன்றை மட்டும் கம்பியால் துளைத்து, தண்ணீரை அளவுக் குவளையில் வடித்தார்கள். ஒரு காயில் 110 மில்லி தண்ணீர் இருந்தது. அதே காயில் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பிப் பார்த்தால் 170 மில்லி பிடித்தது. ஆட்டும்போது சத்தம் வந்ததற்குக் காரணம் அந்த 60 மில்லி வெற்றிடம்தான் என்பதை மகன் கண்டுபிடித்து, வீடு முழுவதும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

ஊறவைத்த பச்சரிசி, வறுத்த பாசிப்பருப்பு, அவல், எள், வெல்லப்பொடி, தட்டிய ஏலக்காய் ஆகியவற்றைக் கலந்து சிறுசிறிதாகத் துளை வழியே போட்டு, வடித்த இளநீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்ற வேண்டும். என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்தபடி, "கண்ணு, முக்காவாசிக்கு மேல போடாத. அரிசி வெந்தா எடம் வேணும்" என்றார். ஏன் அப்பாயி என்று மகள் கேட்டதற்கு, "போட்டுப் பாரு, குச்சியே தெறிச்சுப் போயிரும்" என்று பதில் வந்தது. நீர் ஆவியாகும்போது அதற்கு எவ்வளவு இடம் வேண்டும், அரிசி நீரை உறிஞ்சி எத்தனை மடங்கு பெருகும் என்பதை எல்லாம் அன்று மாலையே ஒரு டம்ளர் அரிசியை வைத்து அளந்து பார்த்தோம். குச்சியின் முனையைச் சீவி, பட்டையை உரித்து, துளைக்குள் இறுக்கி அடித்து, காய் முழுவதும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள்.

தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஒரே நேரத்தில் நெருப்பு மூட்டுவார்கள். காய்ந்த ஓலையும் பாளையும் சுள்ளியுமாகத் தீ வளர்த்து, ஆளுக்கொரு குச்சியைப் பிடித்துக் காயைத் திருப்பிக்கொண்டே நின்றோம். முதலில் மஞ்சள் கறுக்கிறது. பிறகு குச்சியின் அடியில் வெள்ளை நுரை பொங்கி, வெல்லம் சேர்ந்து பழுப்பாகி, உஸ்ஸென்று சத்தம் வருகிறது. அதன் பிறகு ஓட்டில் மயிரிழையாக ஒரு கோடு ஓடி, டப்பென்று விரிசல் விடுகிறது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் நூறு பாகையை அதிகம் தாண்டாது, அதனால்தான் வெளியே ஓடு எரிந்துகொண்டிருக்கும்போதும் உள்ளே பருப்பு கருகாமல் வேகிறது என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை; விரிசல் விழும் சத்தத்துக்கே காது கொடுத்துக்கொண்டிருந்தான். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தபோது, தேங்காய்ப்பருப்பின் உள்பக்கம் இளம்பழுப்பாகி, பூரணம் அதோடு ஒட்டி வெந்திருந்தது. அழிஞ்சில் குச்சியின் வாசம் அதில் இறங்கும் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அந்த ஆடியிலேயே சேலத்தில் குகை என்னும் பகுதிக்குப் போய் வண்டி வேடிக்கை பார்த்தோம். அலங்கரித்த வண்டிகளில் தெய்வங்களாகவும் புராணப் பாத்திரங்களாகவும் வேடமிட்டு அமர்ந்து வருகிறவர்களைப் பார்த்த பிள்ளைகளுக்கு, நவராத்திரிக் கொலுவில் அதையே பொம்மைகளாக வைக்க வேண்டும் என்ற ஆசை பிறந்தது. பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்து, வேகவைத்து, உரலில் இடித்துக் கூழாக்கி, பூச்சி அண்டாமலிருக்க அரைத்த வெந்தயமும் ஒட்டுவதற்குக் கொஞ்சம் களிமண்ணும் சேர்த்தோம். பழைய நாட்களில் எங்கள் வீட்டில் காகிதக் கூடை செய்ததும் இப்படித்தான். புரட்டாசியில் மாலைதோறும் மழை பிடித்துக்கொண்டதால் பொம்மைகளைக் காயவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வண்டிகளோடு, களத்தில் ஜவ்வரிசி காயப்போடும் ஆட்கள், பட்டறையில் உட்கார்ந்து கொலுசு செய்கிறவர், மாம்பழ வண்டிக்காரர் என்று எங்கள் ஊரே ஒரு படியில் ஏறியது. அவர்களைச் செய்வதற்காகவே ஒரு ஜவ்வரிசி ஆலைக்குப் போய், மரவள்ளிக் கிழங்கின் பாலிலிருந்து மாவு படிந்து, குருணையாகி, வறுபட்டுக் காய்வது வரை பார்த்துவிட்டு வந்தோம்.

கார்த்திகைக்கு, கயிற்றில் கட்டிச் சுற்றினால் தீப்பொறி சிந்தும் மாவளி செய்ய வேண்டும் என்பது என் கணவரின் விருப்பம். அவர் சிறுவயதில் சுற்றியது. ஆண் பனையின் காய்ந்த பூவைச் சேகரித்து, குழியில் போட்டு எரித்து, தழல் அடங்கும் முன்பே மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். காற்றுப் பட்டால் சாம்பலாகிவிடும், காற்று கிடைக்காமல் வெந்தால்தான் கரியாகும் என்பதைப் பிள்ளைகள் இரண்டு குழி வெட்டி, ஒன்றைத் திறந்தும் ஒன்றை மூடியும் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஆறிய கரியை அம்மியில் நைத்து, பழைய பருத்தித் துணியில் நீளமாகச் சுருட்டி, இடைவெளி இல்லாமல் நூலால் இறுகக் கட்டி, மூன்றாகப் பிளந்த பனைமட்டைக்கு நடுவே வைத்து, நீளமான கயிறு கட்டினோம். முனையில் ஒரு தணலை வைத்துவிட்டு வெட்டவெளியில் சுற்றினால் பொறி வட்டமாகச் சிந்தும். வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கயிற்றைத் தணலிலிருந்து நன்றாகத் தள்ளிக் கட்டுங்கள், பருத்தி உடை மட்டும் போடுங்கள், பெரியவர் ஒருவர் தண்ணீர் வாளியோடு நிற்கட்டும், சுற்றுகிறவரைச் சுற்றி யாரும் நெருங்க வேண்டாம்.

இந்த வேலைகளிலிருந்து எல்லாப் பாடமும் கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆங்கிலமும், பின்னக் கணக்கும், தமிழ் இலக்கணமும் இதில் போதுமான அளவு வரவில்லை; அவற்றுக்குச் சமச்சீர்க் கல்விப் பாடநூல்களை வைத்துக்கொண்டு காலை நேரத்தைத் தனியாக ஒதுக்குகிறோம். பண்டிகை வேலைகளைப் பற்றி இருவரும் தேதியிட்டு எழுதிய நோட்டுகள், வரைபடங்கள், செலவுக் கணக்குகள் அத்தனையையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்க வருகிறவர்களிடம் காட்டுவதற்கும், பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று நாங்களே பார்ப்பதற்கும் அவை உதவுகின்றன. மகளை உரிய வயது வந்ததும் சி நிலைக்குப் பதிவு செய்யவிருக்கிறோம். அந்தப் பாடநூல்களைத் தைப் பொங்கல் கழிந்ததும் எடுப்பதாக அவளே திட்டம் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.