இங்கிலீஷ் பீரியடும் ஆறு புள்ளிகளும்

சிறப்பு மலருக்காகப் பள்ளி நினைவு ஒன்று எழுதக் கேட்டிருந்தார்கள். சொந்தக் கதையை விட்டுவிடுகிறேன். பார்வையற்ற மாணவர் எல்லோருக்கும் பொதுவான நினைவு ஒன்று உண்டு: இங்கிலீஷ் பீரியட் மணி அடித்ததும் விரல் நுனி வியர்ப்பது. ஆறு மேட்டுப் புள்ளிகளைத் தடவி வாசிக்கும் பிரெயில் எழுத்துத் தாளில் ஈர விரல் வழுக்கி ஓடாது, ஒட்டும். வாசிப்பு அங்கேயே தடுமாறிவிடும்.

அந்தப் பயத்தில் பாதி ஸ்பெல்லிங்கால் வந்தது. கிரேடு 2, அதாவது சொற்களைச் சுருக்கி எழுதும் ஆங்கிலப் பிரெயிலில் சுமார் 180 சுருக்கங்கள். 'ரிசீவ்' என்றால் ஆர், சி, வி. 'நெசசரி' என்றால் என், இ, சி. 'ஃப்ரெண்ட்' வெறும் எஃப், ஆர். நூறு முறை வாசித்த சொல்தான். ஆனால் சி-க்குப் பின் முதலில் இ-யா ஐ-யா, எஸ் ஒன்றா இரண்டா என்பதை விரல் தொட்டதே இல்லை. பரீட்சையில் நமக்காக விடை எழுதும் ஸ்கிரைப் "ஸ்பெல்லிங்?" என்று கேட்டதும் நாக்கு உலர்வது இதனால்தான்; மக்குத்தனத்தால் அல்ல. புதுச் சொல்லை முதலில் சுருக்கமில்லாத கிரேடு 1இல் முழுதாக எழுதிப் பழகிய பிறகே சுருக்கத்துக்குப் போக வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்குக் கணினித் திரையை வாசித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருள் இருக்கிறது: நம்பர் பேடில் 5ஐ இருமுறை தட்டினால் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லும். நம்லாக்கை அணைக்க மறந்தால் 55 என்று விழும்!

தமிழ் பீரியட் முடிந்த கையோடு இங்கிலீஷ் வந்தால் இன்னொரு வம்பு. பிரெயிலின் ஆறு புள்ளிகளுக்கும் 1 முதல் 6 வரை எண் உண்டு. 3-4-5 புள்ளிகள் தமிழில் ஆ, ஆங்கிலத்தில் ஏ-ஆர். 3-4 தமிழில் ஐ, ஆங்கிலத்தில் எஸ்-டி. முதல் இரண்டு வரி விரல் தமிழிலேயே இருக்கும். உரக்க வாசிக்கும்போது கேள்விக்குறி இருப்பதே வரி முடிவில்தான் தெரியும். அதற்குள் குரல் இறங்கிவிடும். முதல் நாளே பாடத்தைக் கொடுத்துவிட்டால் இது பெரும்பாலும் தீரும்.

எலைன் ஹார்விட்ஸ் குழுவினர் 1986இல் மொழி வகுப்புப் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் வகுத்தபோது, பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சத்தையும் கணக்கில் எடுத்தார்கள். பேசி முடித்தபின் வகுப்பு அமைதியாகிவிட்டால், தலையாட்டுகிறார்களா, சிரிப்பை அடக்குகிறார்களா, எப்படித் தெரியும்? ஆசிரியர் வாய்விட்டு "சரி" என்று சொல்ல வேண்டும்.

டிக்டேஷன்தான் உச்சம். ஸ்லேட் என்ற சட்டத்தில் தாளை மாட்டி, ஸ்டைலஸ் என்ற குத்தூசியால் வலமிருந்து இடமாகக் குத்துகிறோம், எழுத்து தாளின் மறுபக்கம் எழுகிறது. தாளைக் கழற்றித் திருப்பாமல் சரிபார்க்க வழியில்லை. அதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும். நல்ல ஆசிரியர்கள் கடைசி ஸ்டைலஸின் டக் டக் ஓயும் வரை காத்திருப்பார்கள்.