ஊறிப்போன விரல்கள்

பம்புசெட் தொட்டியில் ஒரு மணி நேரம் ஆட்டம் போட்டுவிட்டு வந்த மகள் கையை நீட்டினாள்.

"அப்பா, பாட்டி கை மாதிரி ஆயிடுச்சு பாரு."

விரல் நுனியெல்லாம் வெளுத்து, சுருங்கி, கோடு கோடாக.

ஒரு மணி நேரத்துக்கே இப்படி.

2012இல் மத்தியப் பிரதேசத்துக் கோகல்காவ் கிராமத்தில் 17 நாள் தண்ணீரில் நின்றார்கள். ஓங்காரேஷ்வர் அணையின் நீர்மட்டம் ஏற ஏற நிலம் மூழ்கியது. அதே நர்மதைத் தண்ணீரில் கழுத்தளவு இறங்கி, வெளியே வரமாட்டோம் என்றார்கள். தோல் உரிந்த பாதங்களின் படம் பேப்பரில் வந்தது. பார்க்க முடியாமல் பக்கத்தைப் புரட்டிவிட்டேன், உண்மையைச் சொன்னால்.

விநோதமான மறியல் அது. சாலையில் உட்கார்ந்தால் பஸ் நிற்கும், நாலு பேர் திட்டுவார்கள். இங்கே யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் மட்டத்தை இன்னும் ஏற்றினால் ஆள் மூழ்குவார். கண்ணெதிரே அது தெரிந்துகொண்டேதான் மதகை மூட வேண்டும்.

அணையின் நீர்மட்டத்தை 189 மீட்டரில் வைக்க அரசு இறங்கிவந்தது. அதே வாரம் பக்கத்து ஹர்தா மாவட்டத்தில் இப்படி நின்றவர்களைப் போலீஸ் வெளியே இழுத்துப்போட்டது. அடுத்த சில நாளில் நம் இடிந்தகரைக்காரர்கள், அணு உலையில் எரிபொருள் நிரப்பக் கூடாதென்று கடலுக்குள் இறங்கிக் கைகோத்து நின்றார்கள்.

அப்புறம் 2015. அணையில் 191 மீட்டர். கோகல்காவில் மறுபடி இறங்கினார்கள். இந்த முறை ஒரு மாதத்துக்கும் மேல்.

மகள் இன்னும் விரலைத் தடவிக்கொண்டிருக்கிறாள். சாப்பிட்டு எழுவதற்குள் சரியாகிவிடும் என்றேன்.