வாகைக் கட்டையும் மூன்று திருகுகளும்

ஏப்ரல் 6, ஞாயிறு

என் ஏர் ரைபிளுக்குப் புதுக் கட்டை, அதாவது தோளில் சாய்த்துப் பிடிக்கும் மரப்பகுதி, செய்யப்போகிறேன். அதற்குக் காட்பாடி மரவாடியில் வாகைப் பலகை கிடைத்தது. துப்பாக்கிக் கட்டைக்கு வால்நட்தான் பேர்போனது. அதன் விலை என் சம்பளத்துக்கு எட்டாது. வாகையை வெள்ளைக்காரர்கள் 'கிழக்கிந்திய வால்நட்' என்றே விற்றார்கள். போதாததற்கு, வென்றவன் சூடும் பூவும் வாகைதான். சுடுவதற்கு முன்பே சூடிக்கொள்வது கொஞ்சம் அதிகம்தான்.

"துப்பாக்கிக்கா? போலீஸ் வராதா சார்?" என்றார் வாடிக்காரர். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் உரிமம் வேண்டாம் என்று விளக்கினேன். என் ஏர் ரைபிள் 0.55 கிராம் பெல்லட்டை, அதாவது சின்னக் குண்டை, நொடிக்குச் சுமார் 240 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் 16 ஜூல். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாள் முழுதும் இழைப்பும் தும்மலும். வாகைத்தூள் மூக்கைப் பிடுங்குகிறது.

ரைபிளோடு வந்த கட்டை ஆறடி ஆளுக்குச் செய்தது. டிரிகரிலிருந்து தோள் வரை 37 செ.மீ.; என் கைக்கு 34 போதும். அதைவிடப் பெரிய தொல்லை கன்னம். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் உயரத்தில் இருப்பதால் கன்னம் கட்டையில் படியாமல் தலை அந்தரத்தில் தொங்கும். கண் சற்று விலகினாலும் ஸ்கோப்பின் குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகர்ந்துவிடும். புதுக் கட்டையில் கன்னமேட்டை 2 செ.மீ. உயர்த்தியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைச் சாய்த்துத் திறந்தால் கோடு நேராக நிற்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆளிவிதை எண்ணெய், மூன்றாம் பூச்சு. வேறு வேலை இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

குடியாத்தம் பக்கம் மாமாவின் மாந்தோப்பு. மண்மேட்டின் முன் இலக்கு, 25 மீட்டர். முதல் பத்து வெடிகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. மாமாவிடம் காகிதத்தைக் காட்டிப் பெருமையும் அடித்துக்கொண்டேன். அடுத்த இருபது உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. காற்று என்றேன். ஓர் இலைகூட அசையவில்லை என்றார் மாமா.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். பழி இன்று பெல்லட்டின் மேல். தெரிந்த பொற்கொல்லரிடம் தராசை இரவல் வாங்கி, 200 பெல்லட்டை ஒவ்வொன்றாக நிறுத்து, 0.53 முதல் 0.56 வரை நான்கு டப்பாக்களில் பிரித்தேன். பாதி நாள் போனது. தோப்பில் நான்கு டப்பாவும் ஒன்றுபோலவே சிதறின.

மே 7, புதன்

ஸ்கோப்பைக் கழற்றி நண்பரின் ரைபிளில் மாட்டிப் பார்த்தோம். அங்கே தங்கமாக நிற்கிறது. என்னுடையதுபோல ஸ்பிரிங்கால் காற்றை அழுத்திச் சுடும் ரைபிள் முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் முட்டியதும் முன்னாலும் உதைக்கும். இந்த இரட்டை உதையில் நல்ல ஸ்கோப்பே உடைந்துபோவது உண்டு. இது உடையவில்லை. அப்படியானால் குற்றவாளி யார்?

மே 8, வியாழன்

இரவு துடைத்துவைக்கும்போது, கை சும்மா இராமல், முன்கட்டைத் திருகில் ஸ்குரூடிரைவரை வைத்தேன். முக்கால் சுற்று சுற்றியது. எதிர்ப்பக்கத்துத் திருகும் அப்படியே. டிரிகர் காப்பில் இருக்கும் மூன்றாவது மட்டும் இறுக்கம். முதலில் பார்த்திருக்க வேண்டிய இடத்தைக் கடைசியில் பார்த்திருக்கிறேன். தராசை எதற்கு வாங்கினேன் என்று பொற்கொல்லர் கேட்காமல் இருக்க வேண்டும்.

மே 11, ஞாயிறு

மகளின் நகச்சாயத்தால் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் மரம் வரை ஒரு கோடு இழுத்தேன். இறுக்கிச் சுட்டேன்: நாணயத்துக்குள். நாற்பதாவது வெடியில் கோடுகள் உடைந்து விலகியிருந்தன, இலக்கில் துளைகளும் விலகியிருந்தன. திருகைக் கழற்றிப் பார்த்தால், உதைக்கு உதை தலை மரத்தை நசுக்கிக் குழியாக்கியிருக்கிறது. எத்தனை இறுக்கினாலும் மரம் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும்.

மே 15, வியாழன்

லேத் பட்டறையில் அலுமினியத்தில் மூன்று குழாய்த் துண்டுகள் கடைந்து வாங்கினேன். திருகு இனி மரத்தை அழுத்தாது. உலோகம் உலோகத்தை அழுத்தும். கட்டையின் திருகுத் துளைகளை அகலமாக்கி, அரால்டைட் பூசி இறக்கினேன். இந்த வெயிலில் பசை கையிலேயே இறுகிவிடுகிறது. மூன்றாவது துண்டு சற்றுக் கோணல். அரம் போட்டுச் சரிசெய்தேன்.

மே 18, ஞாயிறு

விடியற்காலை ஐந்தரைக்கே தோப்பில். ஏர் ரைபிளுக்கு 50 மீட்டர் வெகுதூரம். குழலின் நேர்கோட்டிலிருந்து பெல்லட் ஒரு சாணுக்கு மேல் இறங்கிவிடும். காற்றைப் பார்க்க வழிநெடுக மூங்கில் குச்சிகளில் நூல் கட்டினேன். மூன்று நூலும் தொங்கும் நேரம் பார்த்துத்தான் ஒவ்வொரு வெடியும். அறுபது வெடிகள். நகச்சாயக் கோடு அசையவில்லை. கடைசி ஐந்தும் 41 மி.மீ. அகலத்துக்குள். அதில் ஒன்றை வெளியே இழுத்தது நான்தான். அதற்கு மரத்தையும் காற்றையும் சொல்ல முடியாது.

ஏழு மணிக்குக் காய் பறிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். பறிப்பு முடிய பத்து நாள் ஆகுமாம். அதுவரை ரைபிள் உறைக்குள்.