மைனஸ் பூஜ்ஜியம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க < 0 போதாது

சி மொழியில் ஒரு டபுள் எண் (தசமப் புள்ளியோடு வரும் எண்) மைனஸா பிளஸா என்று பார்க்க எல்லோரும் கைப்பழக்கத்தில் எழுதுவது எக்ஸ் < 0 என்பதைத்தான். முக்கால்வாசி நேரம் அதுவே போதும். ஆனால் அந்த வரி கேட்பது "பூஜ்ஜியத்தைவிடச் சின்னதா" என்று மட்டும்தான், குறி என்ன என்பதை அது கேட்கவே இல்லை.

தசம எண்களைக் கம்ப்யூட்டரில் வைக்கும் ஐஇஇஇ 754 முறையில் டபுளின் 64 பிட்டுகளில் முதல் பிட் குறிக்கு, அடுத்த 11 அடுக்குக்கு, மீதி 52 பின்னத்துக்கு. குறிக்குத் தனி பிட் இருப்பதால் பூஜ்ஜியத்துக்கும் குறி உண்டு. 0.0-வும் -0.0-வும் ஒப்பிட்டால் சமம் என்றே வரும், -0.0 < 0 பொய் என்றே வரும். ஆனால் 1.0-ஐ 0.0-ஆல் வகுத்தால் பிளஸ் இன்ஃபினிட்டி (முடிவிலி), -0.0-ஆல் வகுத்தால் மைனஸ் இன்ஃபினிட்டி.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். மழைக்காலம் வந்தால் சென்னையில் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியில் எத்தனை அடி என்றுதான் பார்ப்போம், மொத்தம் 24 அடி. எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த தம்பி, பழகிப் பார்க்க நேற்றைய மட்டத்துக்கும் இன்றைய மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தசம இடத்தோடு அச்சிடும் சின்ன புரோகிராம் எழுதினார். நேற்று 21.30, இன்று 21.26 என்று கொடுத்தால் திரையில் -0.0 என்று வந்தது. "அக்கா, ஏரி இறங்கியிருக்கா இல்லையா, இது என்ன மைனஸ் ஜீரோ?" என்று கேட்டார். நல்ல கேள்வி. உள்ளே இருப்பது -0.04, அச்சிடும் பிரிண்ட்எஃப் இலக்கத்தைச் சுருக்கிவிட்டுக் குறியை மட்டும் அப்படியே வைத்துக்கொள்கிறது. குறி வேண்டாமென்றால் பத்தால் பெருக்கி, ரவுண்ட் செய்து, பத்தால் வகுத்து, கடைசியில் 0.0-ஐக் கூட்ட வேண்டும். வழக்கமான ரவுண்டிங் முறையில் -0.0 + 0.0 என்பது பிளஸ் பூஜ்ஜியம் என்பதால் அந்தக் கடைசிக் கூட்டல் குறியைத் துடைத்துவிடும். பார்க்க வெட்டி வேலை மாதிரி இருக்கும், அதனால் பக்கத்திலேயே ஒரு கமெண்ட் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் அழித்துவிடுவார்.

சரி, குறிதான் வேண்டும் என்றால்? சி99-இல் (சி மொழியின் 1999 ஸ்டாண்டர்ட்) இருந்து மேத் ஹெட்டரிலேயே, குறியைச் சொல்லும் சைன்பிட் இருக்கிறது. -0.0-வுக்கும் நேனுக்கும்கூட (எண்ணே அல்லாத மதிப்பு) சரியாகச் சொல்லும். ஒரே கவனம், குறி மைனஸ் என்றால் அது பூஜ்ஜியம் அல்லாத ஏதோ ஓர் எண்ணைத் தரும், 1-ஐயே தரும் என்று ஸ்டாண்டர்ட் சொல்லவில்லை. அதனால் == 1 என்று எழுதாதீர்கள், அப்படியே இஃப்-க்குள் போடுங்கள். ஒரு எண்ணின் குறியை இன்னொன்றுக்கு மாற்ற காப்பிசைன் இருக்கிறது. டபுள் பாயிண்டரை லாங் பாயிண்டர் ஆக்கி பிட்டைத் தோண்டும் பழைய வித்தை, ஒரு வகை மாறியை வேறு வகை பாயிண்டரால் படிக்கக் கூடாது என்ற ஸ்ட்ரிக்ட் ஏலியாசிங் விதியை மீறுகிறது, அதை நான் ரிவ்யூவில் விடவே மாட்டேன்.

அப்புறம் ஏபிஎஸ், குறியை நீக்கி அளவை மட்டும் தருவது. சி-யில் அது இன்ட்டுக்கானது (முழு எண்), அதற்கு -0.5 கொடுத்தால் 0 தான் வரும். டபுளுக்கு எஃப்ஏபிஎஸ்.

இத்தனையும் செய்துவிட்டு மேக்ஃபைலில் (கம்பைல் செய்யும் கட்டளைகள் உள்ள ஃபைல்) கணக்கை வேகமாக்கும் ஃபாஸ்ட்-மேத் ஆப்ஷன் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஜிசிசி கம்பைலரில் அதைப் போட்டால் பூஜ்ஜியத்தின் குறி முக்கியமில்லை என்று கம்பைலரிடம் நாமே எழுதிக் கொடுத்த மாதிரி, மேலே சொன்ன + 0.0-ஐக்கூட அது தூக்கிவிடலாம்.