பண்ருட்டி என்று போடலாமா?

பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூரில் முந்திரி உடைத்து விற்கும் ஓர் அக்காவுக்கு விளம்பரம் எழுதிக்கொடுத்தபோது, தலைப்பில் ‘பண்ருட்டி முந்திரி’ என்று போட நான் மறுத்தேன். மறுத்ததற்கான காரணங்களை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும், அவற்றில் எதையும் தவறென்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் கடலூர்ப் பக்கத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஆன்லைன் விளம்பரம் செய்துதரும் இந்த வேலையில், வேறு எந்த முடிவும் இவ்வளவு நாள் என்னைத் தொந்தரவு செய்ததில்லை.

வழக்கமாக நான் எல்லோருக்கும் சொல்வது இதற்கு நேர் எதிரானது. முந்திரி விலை என்று கூகுளில் தேடுகிறவர் முன்னால் பெரிய விற்பனைத் தளங்கள்தான் வந்து நிற்கும், அங்கே சிறு வியாபாரி எவ்வளவு செலவழித்தாலும் எடுபடாது. ஊர்ப்பெயரோடு சேர்த்துத் தேடுகிறவர் அப்படியில்லை. அவர் பாதி முடிவெடுத்துவிட்டு வருகிறார், அவருக்கு வேண்டியது அந்த ஊரில் நம்பிக்கையான ஓர் ஆள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைத் தொட்டதும் வாட்ஸ்ஆப் உரையாடல் திறக்கும்படி வைத்தால், அவர் ‘என்ன விலை’ என்று கேட்கும் வரைக்கும் அவரை இழுத்துவருவது அந்த ஊர்ப்பெயர்தான். அதனால் ஊரை விடாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லும் நான், பண்ருட்டிக்காரரான இந்த அக்காவிடம் மட்டும் ஊரை விடச் சொன்னேன்.

காரணம் மூட்டைகள். அவர் உடைக்கும் கொட்டையில் பெரும்பங்கு ஐவரி கோஸ்ட், பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்திய முந்திரி ஆலைகளுக்குத் தேவையான கொட்டையில் பாதிக்கு மேல் இறக்குமதியாகவே வருகிறது. நம் பக்கத்திலோ 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டியைச் சுற்றி முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாக வேரோடு சாய்ந்தன. மறுபடி கன்று வைத்தார்கள், அவை காய்க்கவும் செய்தன. ஆனால் உடைக்கும் கைகளுக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுக்கும் அளவுக்கு உள்ளூர்க் கொட்டை கிடைப்பதில்லை.

நான் எழுதிக்கொண்டுபோன வாசகத்தைப் படித்துவிட்டு அக்கா உடனே எதுவும் சொல்லவில்லை. அப்போது திண்ணையில் பெண்கள் உடைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால், சாம்பலைத் தொட்டுத் தொட்டுக் கட்டையால் தட்டினார்கள். அப்படியும் விரல் நுனிகள் கருத்துத்தான் இருந்தன. தட்டும் வேகம் கொஞ்சம் கூடினால் பருப்பு இரண்டாகிவிடும், முழுப்பருப்புக்குக் கிடைக்கும் விலை பிளந்த பருப்புக்குக் கிடைக்காது. தரத்தைக் குறிக்கும் 320 என்ற எண், ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது ஏறக்குறைய 454 கிராமுக்கு, அதிகபட்சம் அத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதைக் காட்டுகிறது. 240 என்றால் பருப்பு பெரியது, விலையும் கூடுதல். அக்கா முறத்திலிருந்து ஒரு பருப்பை எடுத்து என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “கொட்டையா வந்தது அங்கேருந்து, சரி. பருப்பா ஆனது எங்க தம்பி? ஊர்ப் பேரு எங்க ஊர்ப் பேருதானே, அதப் போட யாரக் கேக்கணும்?”

கோயம்புத்தூரில் உட்கார்ந்து பண்ருட்டி முந்திரி என்று தேடுகிறவர் இந்தச் செம்மண்ணில் நிற்கும் மரத்தைத்தான் நினைத்துக்கொள்கிறார், அந்த நினைப்பை வைத்துக் காசு வாங்குவது சரியில்லை என்று நான் சொன்னேன். நுகர்வோரைத் திசைதிருப்பும் விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களையும் எடுத்துச் சொன்னேன். அவர் எதிர்வாதம் செய்யவில்லை. “நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரிஞ்சபடி போடுங்க” என்றார். வாதம் செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஏனென்றால் அவருக்குத் தெரியாமலேயே அவர் பக்கமும் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது. உணவுப் பொட்டல லேபிள் குறித்து, கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வகுத்த பொதுத் தரநிலையில், ஓர் உணவு இரண்டாவது நாட்டில் பதப்படுத்தப்பட்டு அதன் இயல்பு மாறினால், லேபிளைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது நாடே பிறப்பிடம் என்று இருக்கிறது. ஓட்டோடு தின்ன முடியாத ஒரு கொட்டை, வாயில் போடும் வெள்ளைப் பருப்பாக மாறுவது இயல்பு மாறுவதில் சேருமா? உடைத்து உரிப்பது மட்டும்தானே என்று சொல்கிறவர் ஒருமுறை அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதே சமயம், நாட்டைப் பற்றிய அந்த விதியை மண்ணின் பெயரால் வாங்குகிறவரின் எதிர்பார்ப்புக்கு அப்படியே பொருத்த முடியாது என்றும் எனக்குப் படுகிறது. இந்த இரண்டு எண்ணங்களும் மாறி மாறி வருகின்றன, ஒன்று மற்றொன்றை வெல்வதில்லை.

‘காடாம்புலியூரில் கையால் உடைத்து உரித்த முந்திரி’ என்பதுதான் நான் வைத்த தலைப்பு. கருத்த விரல்கள் தோலுரிக்கும் காணொளியை நிறையப் பேர் பார்த்தார்கள், பாராட்டினார்கள். ஆனால் விலை கேட்டு வந்தவர்கள் குறைவு. பண்ருட்டி என்று தலைப்பிட்டு, பின்னால் பச்சை இலைப் படம் போட்டு, அதே ஆப்பிரிக்கக் கொட்டையின் பருப்பை விற்றவர்களுக்கு விலை கேட்டுச் செய்திகள் போய்க்கொண்டிருந்தன. அக்காவிடம் ஒரு வாடிக்கையாளர் கொட்டை எந்த ஊர் என்று நேரடியாகக் கேட்டார். அக்கா உள்ளதைச் சொன்னார். “நம்ம ஊர்க் கொட்டை வரும்போது சொல்லுங்க” என்று அந்த வாடிக்கையாளர் விடைபெற்றார். அந்த உரையாடலை எனக்கு அனுப்பிவைத்தார் அக்கா, கூட ஒரு வார்த்தையும் எழுதாமல். உரிக்கும் பெண்களுக்குக் கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. சரக்கு தேங்கினால் முதலில் நிற்பது அவர்கள் வேலை. என் நேர்மைக்கான செலவை யார் கொடுத்தார்கள் என்ற கேள்வியை அதன்பிறகு என்னால் தவிர்க்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூகுளில் கடையைத் தேடினால் வந்து நிற்கும் விவரப் பக்கமான பிசினஸ் ப்ரொஃபைலில், அக்காவின் கடை முகவரியில் பண்ருட்டி இருக்கிறது, விவரக் குறிப்பிலும் இருக்கிறது, அதை நான் எடுக்கவில்லை. கடைப்பெயரோடு கூடுதல் சொற்களைச் சேர்ப்பது கூகுளின் விதிக்குப் புறம்பானது, அதனால் பெயரில் சேர்க்கவில்லை. முகவரி உண்மை, அதை எழுதுவதில் என்ன பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த முகவரி வழியாகத் தேடி வருகிறவரும் அதே செம்மண் மரத்தை நினைத்துக்கொண்டுதானே வருகிறார்? அப்படியானால் தலைப்பில் நான் காட்டிய கண்டிப்பு யாரை எதிலிருந்து காப்பாற்றியது என்று தெளிவாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

இப்போது வாட்ஸ்ஆப்பில் பொருள்களைப் பட்டியலிட்டுக் காட்டும் கேட்டலாக்கில் இரண்டு பொருளாகப் பிரித்திருக்கிறோம். கோடையில் உள்ளூர்க் கொட்டை வரும்போது அதைத் தனிப் பொட்டலமாக, ‘பண்ருட்டித் தோப்பு முந்திரி’ என்று, கூடுதல் விலைக்கு வைக்கிறோம். அக்காவின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான், ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும், ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள் என்பதால், பழைய வாடிக்கையாளர்களிடம் ஒவ்வொருவராகப் பேசி எண்ணைச் சேமிக்கச் சொல்லி வருகிறார். அந்தப் பொட்டலம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. மீதி மாதங்களில் விற்கும் பொட்டலத்துக்குத்தான் தலைப்பு வேண்டும். தீபாவளிக்கு முன்பு தரச் சொல்லியிருக்கிறார். ‘பண்ருட்டியில் உடைத்த முந்திரி’ என்று ஒன்று எழுதியிருக்கிறேன், கொட்டை வந்த நாட்டின் பெயரையும் அடுத்த வரியிலேயே சேர்த்து இன்னொன்று எழுதியிருக்கிறேன். இரண்டையும் அனுப்பி அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லப்போகிறேன். அவர் முதலாவதைத்தான் எடுப்பார், இந்தமுறை நான் மறுக்கமாட்டேன் என்றே நினைக்கிறேன்.